தொலமியின் படத்திலே நம் ஊர்

இம்மலருக்குக் கட்டுரை திரட்டத் தொடங்கிய காலத்திலே, எம் மன்றத்து நண்பர் ஒருவர் எட்டுப் பக்கக் கட்டுரையொன்றைக் கொண்டுவந்து எம் கையில் வைத்தார். கி. பி. 150 ஆம் ஆண்டளவில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரிலிருந்து தொலமி என்னும் கிரேக்கப் பேரறிஞர் ஒரு புவியியல் நூல் எழுதினார். அந்நூலிலே தப்ரபேன் என்ற பெயரால் இலங்கை வருகின்றது. தப்ரபேனின் உள்நாட்டு நகரங்களுள் ஒன்று 'உலிஸ்படா'. அந்த உலிஸ்படாவே நம் அலவத்துகொட என்பது நண்பரின் முடிபு. 'உலி' என்பது 'அல' ஆயிற்றாம். நடுவில் உள்ளது 'வத்து' ஆயிற்றாம். ஈற்றிலுள்ள 'டா' நம் 'கொட'வின் கடைசி எழுத்தாம்.

உண்மையைச் சொல்வதில் வெட்கமென்ன? நாம் துள்ளிக் குதித்தோம். கண்டி மாநகருக்கும் கிட்டாத பெருமை நம் ஊருக்குக் கிட்டிவிட்டதே என்று பூரித்தோம். மலரின் முதற் பக்கத்திலேயே அதனைப் போடுவதென்றும் தீர்மானித்தோம். அப்பொழுது எம் கூட்டத்துக்கு வழக்கமாக வந்திருந்து மூலையில் அமர்ந்து கேட்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பிமாரே, பேரைக் கண்டீர்கள், இடத்தைக் கண்டீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கண்டவர் எவருமில்லை. கட்டுரை எழுதிய நண்பருங்கூடக் காணவில்லை.

அக்கேள்வியின் பின்னே நாம் சென்ற வழியைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

தொலமி இலங்கையைக் கண்டவரல்லர். மாலுமிகளும் வணிகரும் சொன்னவற்றையும், தமக்கு முன் தீர் நகரத்து மரீனோசு போன்றோர் எழுதியவற்றையும் ஒன்றுகூட்டி, உலகின் ஏறக்குறைய 8,000 இடங்களுக்குப் பாகைக் கணக்கு எழுதி வைத்தார். அவர் கையால் வரைந்த படம் எதுவும் நம் காலம் வரை வரவில்லை. இன்று நாம் காணும் படங்களெல்லாம் அந்தக் கணக்கைக் கொண்டு பிற்காலத்தார் வரைந்தவையே. கிடைத்துள்ள முழு ஏடுகளுள் பழையனவும் 13 ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்கள், தாம் ஒருநாளும் கேட்டறியாத தீவின் ஊர்ப்பெயர்களை எப்படி எழுதியிருப்பார்கள் என்பதை நாமே ஊகிக்கலாம். கிரேக்கத்தில் எண்களையும் எழுத்துக்களாலேயே எழுதுவது வழக்கம். ஓர் எழுத்துத் தவறினால் ஓர் ஊர் கடலுக்குள்ளே போய்விழும். நாகதீபா என்று ஓர் ஏட்டிலுள்ள பெயர் இன்னோர் ஏட்டில் நாகதீனா என்று நிற்கின்றது.

இதற்கு மேல் இன்னொரு பெரும் பிழையும் உண்டு. தொலமியின் இலங்கை வடக்குத் தெற்காக 15 பாகை நீண்டு, பூமத்தியரேகையையும் தாண்டித் தெற்கே இறங்குகின்றது. உண்மையான இலங்கையோ 4 பாகைக்குஞ் சற்றுக் குறைந்தது. ஆகவே நீளத்திலே மட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு மிகை.

இப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மலைக்க வேண்டியதில்லை. ஓரிடம் திடமாகத் தெரிந்தால் அங்கிருந்து விகிதம் போட்டு அளக்கலாம். அத்தகைய இடம் ஒன்றுண்டு. 'அனுரோகிராமன், அரசிருக்கை' என்று தொலமி எழுதுகின்றார். இஃது அநுராதபுரமே என்பதில் அறிஞர்க்குள் வேறுபாடில்லை. கிராமன் என்ற ஈறு நம்மை வியக்கவைக்கின்றது. மல்வத்து ஓயாவின் கரையில் அநுராதன் என்பான் முதலிற் கண்டது அநுராதகாமம் என்ற ஊரே என மகாவமிசம் கூறும். ஊர் தலைநகராகிப் 'புரம்' ஆன பின்பும், எங்கோ ஒரு மாலுமியின் நாவிலே பழைய 'காமம்' ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றது போலும்.

அந்த அநுராதபுரத்திலிருந்து உலிஸ்படாவுக்கு அளந்தோம். தொலமியின் கணக்கில் அது தெற்கே ஏறக்குறைய 8 பாகை தள்ளி, பூமத்தியரேகைக்கு அண்மையிற் கிடக்கின்றது. நான்கிலொன்றாகச் சுருக்கினால் 2 பாகை. அத்தனை தூரம் தெற்கே நடந்தால் நாம் இலங்கையின் தென்கரைக்கு அண்மையிலே போய் நிற்போம். அலவத்துகொடவோ பாதி வழிக்குள்ளேயே வந்துவிடுகின்றது. முதற் சோதனையிலேயே நம் ஊர் தோற்றது.

இரண்டாவது சோதனை பெயரைப் பற்றியது. இன்றைய பெயரின் வடிவத்தை அன்றைய பெயரோடு நேரே ஒட்டவைப்பது பெரும் பிழை. இன்றைய பெயர் சென்ற நூற்றாண்டில் எப்படி இருந்தது, அதற்கு முன் ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் எப்படி இருந்தது என்று படிப்படியாகப் பின்னே செல்ல வேண்டும். 'கொட' என்பது மேட்டு நிலத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். அச்சொல் 1,800 ஆண்டுகளுக்கு முன் என்ன வடிவில் இருந்தது, நம் ஊர்ப் பெயரில் எப்பொழுது வந்து சேர்ந்தது என்று ஆராயாமல், அதன் கடைசி எழுத்தைக் கிள்ளி எடுத்துத் தொலமியின் ஏட்டில் ஒட்டினோம்!

கண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கண்டி என்கிறோம். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்பர் மகாநுவர என்கிறார். பழைய ஏடுகளிலே அது செங்கடகல. கந்த உட ரட்ட, அதாவது மலைமேல் நாடு, என்று நாட்டுக்கு வழங்கிய பெயரின் தலைப்பகுதியைப் போர்த்துக்கேயர் 'காந்தியா' என்று பிடித்துக்கொள்ள, அது திரிந்து நகரத்தின் பெயராயிற்று. 2,000 ஆண்டு கழித்து ஒருவன் இம்மூன்று பெயர்களையும் மூன்று ஏடுகளிற் கண்டால், மூன்று நகரங்களையல்லவா தேடித் திரிவான்?

இந்தத் தேட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியத் தீவையும் உரோமர் ஏறக்குறைய 400 ஆண்டு ஆண்டனர். அவர்கள் இட்டும் எடுத்தும் வழங்கிய ஊர்ப்பெயர்கள் தொலமியின் நூலிலும் பழைய வழிநடைக் குறிப்புகளிலும் உள்ளன. ஊர்களோ மண்ணுக்குள்ளே. காமுலோதூனம் என்ற நகரை, பெயரொலியை நம்பி மால்டன் என்னும் ஊரில் வைத்தார் காம்டன் என்ற புகழ்பெற்ற வரலாற்றாசிரியர். அது கொல்செசுட்டர் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒலி ஒத்தது, இடம் ஒக்கவில்லை. இதற்கு நேர்மாறான கதை யோர்க் நகரத்துடையது. எபுராகம் என்ற உரோமப் பெயருக்கும் யோர்க் என்பதற்கும் என்ன ஒற்றுமை? ஆயினும் எபுராகம் எஃபோர்விக் ஆகி, அது வடநாட்டார் வாயில் யோர்விக் ஆகி, பின்பு யோர்க் ஆன படிகள் ஒவ்வொன்றும் எழுத்திலே உள்ளன. ஆகவே ஐயமில்லை.

அந்நாட்டிலே நடந்த இன்னொரு செய்தி எம்மைப் பெரிதும் அச்சுறுத்தியது. 18 ஆம் நூற்றாண்டிலே கோப்பன்கேகன் நகரில் வாழ்ந்த சார்ல்சு பெர்த்திராம் என்ற இளைஞர், உரோமர் காலப் பிரித்தானியாவைப் பற்றிய பழைய ஏடு ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்து, 1757 இல் அதனை அச்சிட்டார். இல்லாத ஊர்களும் இல்லாத பாதைகளும் அதில் நிறைந்திருந்தன. அவ்வளவும் அவரே புனைந்தவை! பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் நம்பினார்கள். அரசாங்கத்துப் படங்களிலும் அவ்வூர்கள் ஏறின. புரட்டு ஐயந்திரிபற வெளிப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் நண்பர் புரட்டுச் செய்தவரல்லர், ஊர்ப்பற்றினால் எழுதினார். ஆனால், அச்சில் ஏறிவிட்ட தவற்றுக்கு நோக்கம் எதுவாயிருந்தால் என்ன? நம் மலரை எங்கோ ஒரு நூலகத்தில் எடுத்துப் படிக்கும் ஒருவர், 'உலிஸ்படா என்பது அலவத்துகொட என்று ஊரார் கூறுவர்' என எழுதிவிட்டால், அன்றிலிருந்து அது ஓர் ஆதாரம்.

நம் தீவிலேயே முடியாத வழக்குகள் பல. அவற்றுள் 'மாகிராமன், தலைநகர்' என்று தொலமி குறிப்பது ஒன்று. பெயரை நோக்கினால் உரோகண நாட்டின் பழைய தலைநகரமான மாகாமம், அதாவது இன்றைய திசமகாராமம், என்றே தோன்றும். அங்கே 1992 முதல் செருமானியர் அகழ்ந்து பழைய பெருநகரொன்றின் அடையாளங்களைக் கண்டிருக்கின்றனர். ஆனால் தொலமி அதனை வைத்த இடமோ அநுராதபுரத்துக்குச் சற்றே தென்கிழக்கில், மகாவலிப் பக்கம். இதனால் எமர்சன் தெனன்ற் என்பார், 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் பெருநூலிலே, அது விந்தனை, அதாவது மகியங்கனை, என்று கொண்டார். பெயர் தெற்கே இழுக்கின்றது. இடம் நம் மலையடிக்கு இழுக்கின்றது. கண்டிப் பக்கத்தவராகிய நமக்கு எந்தப் பக்கம் ஆசையிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அந்த ஆசையினாலேயே நம் தீர்ப்பை நாமே நம்பக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டோம்.

மோதுத்து என்ற பெருந்துறை இன்னொன்று. மாதோட்டம் என்று பலரும் மகிழ்ச்சியோடு கூறுவர். மகாதித்தம் என்று பாளியிலும், மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் தமிழிலும் வழங்கிய துறை அது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரம் அங்கே பாலாவிக் கரையிலே உள்ளது. 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வுகளும் அதன் பழம்பெருமையைக் காட்டின. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் மாதோட்டம் மேற்குக் கரையில் உள்ளது. தொலமியோ கிழக்கே கங்கையின் முகத்துவாரத்திலிருந்து வடமுனை நோக்கிப் போகும் வரிசையிலே மோதுத்தை வைக்கின்றார். அவர் கிழக்கையும் மேற்கையும் மாற்றிவிட்டார் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லத் தொடங்கினால் எந்த ஊரையும் எங்கும் வைக்கலாமே!

பெயரை மொழிபெயர்த்துக் கண்டுபிடிக்கும் வழியும் உண்டு. அதுவும் வழுக்கும் வழியே. குளோடியசு மன்னன் காலத்தில் (கி. பி. 41 - 54) இலங்கையிலிருந்து உரோமாபுரிக்குத் தூது போயிற்று என்று பிளினி எழுதுகின்றார். அதற்குக் காரணமாயிருந்தவன் அன்னியசு பிளோக்காமசு என்ற வரிக்குத்தகையாளனின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன். அரபு நாட்டோரம் சென்றபோது காற்றால் அடியுண்டு, பதினைந்தாம் நாள் 'ஹிப்பூரோசு' என்ற இலங்கைத் துறையை அவன் அடைந்தானாம். கிரேக்கத்தில் ஹிப்போசு குதிரை, ஓரோசு மலை. நம் வடமேற்குக் கரையிலே குதிரைமலை என்றொரு முனை இன்றும் உண்டு! கேட்டவுடன் மெய் சிலிர்க்கின்றதல்லவா? எமக்கும் சிலிர்த்தது. ஆனால் கிரேக்கத்தில் ஊரா என்றால் வால். ஹிப்பூரோசு என்றே ஒருவகை மீனுக்கும் பெயர். இனி, குதிரைமலை என்ற பெயர் நம் கரைக்கு மட்டும் உரியதுமன்று. புறநானூற்றிலே பிட்டங்கொற்றன் குதிரைமலைத் தலைவன். அவனோ சேரனுக்குப் படைத்துணைவன். ஒரே பெயர் கடலுக்கு இருபுறமும் நிற்கும்போது பெயரை மட்டும் கண்டு என்ன முடிவு செய்வது? அந்தப் பிளோக்காமசு என்ற பெயர் எகிப்தியப் பாலைநிலத்துப் பாறையொன்றிலே கி. பி. 6 ஆம் ஆண்டுக் கணக்கோடு வெட்டப்பட்டிருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஆள் உண்மை. துறைதான் இன்னும் தேட்டத்தில் இருக்கின்றது.

அப்படியானால் எதனை நம்புவது? மண் தானே வாய்திறந்து சொல்லுவதை. பிரித்தானியாவின் வடவெல்லையிலே 1914 இல் கிடைத்த பலிபீடமொன்றில் 'விந்தோலந்தா ஊரார்' என்று வெட்டப்பட்டிருந்தது. ஊர் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டது. நம் தென்கரையில், வளவை கங்கை முகத்துக்கு அண்மையிலுள்ள கொடவாயவிலே, முதலாம் கசபாகு மன்னன் அத்துறையின் சுங்க வருவாயை விகாரைக்கு அளித்த செய்தி பாறையிலே உள்ளது. 'கொடபவத பட்டணம்' என்ற பெயரும் அதிலேயே உள்ளது. பாறையை ஒருவரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

1936 இல் வல்லிபுரத்திலே ஒரு பழங்கட்டடத்தின் அடியிற் கிடைத்த பொன்னேடு இத்துணை எளியதன்று. வசப மன்னன் காலத்தில், இசிகிராயன் என்ற அமைச்சன் நாகதீவை ஆண்டபோது, பியகுக திச்சன் ஒரு விகாரை எடுப்பித்தான் என்று பரணவிதான அதனைப் படித்தார். நாகதீபம் நயினாதீவு மட்டுமா, குடாநாடு முழுவதுமா என்ற பழைய வழக்கிலே இது பெருஞ் சான்றாயிற்று. ஓர் அமைச்சன் ஆளும் நிலம் ஒரு சிறு தீவாக இருத்தல் அரிது. ஆயினும் ஏட்டின் வாசிப்பிலே அறிஞர் சிலர் மாறுபடுகின்றனர். பொன்னேடு கையிற் கொண்டு செல்லத்தக்கது என்பதையும் மறக்கலாகாது.

சைவ அன்பர்கள் உவக்கும் உதாரணம் திருவிடைவாய். சோழநாட்டிலே அவ்வூருக்குரிய தேவாரப் பதிகம் ஏடுகளில் அழிந்துபோயிற்று. இடைவாய் என்ற பெயர் மட்டும் வைப்புத்தலங்களோடு எண்ணப்பட்டது. 1917 இல் அங்குள்ள கோயிற் கல்லிலே சம்பந்தர் பதிகம் வெட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். ஏடு இழந்ததைக் கல் காத்திருந்தது.

கல் பேசும்வரை மனிதர் பேச்சுக்கு ஓய்வேது? சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்று தமிழகத்தார் நடத்திய போர் நாமறிந்ததே. கொங்குநாட்டுக் கருவூரே என்று நிலைநாட்ட ரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' என ஒரு நூலே இயற்றினார். மேலைக் கடற்கரைத் திருவஞ்சைக்களமே என்று மறுத்தோர் பலர். தொலமியும் 'கரூரா' என்று எழுதியிருக்கின்றார். இருசாராரும் அவரையே சாட்சிக்கு இழுத்தனர். பின்னர் கருவூருக்கு அண்மையில் புகழூர் மலையில் இரும்பொறை மன்னர் மூன்று தலைமுறையினர் பெயர்கள் படிக்கப்பட்டன; கருவூரில் சேரர் நாணயங்கள் பல கிடைத்தன. தராசு இறங்கியது இங்ஙனமே. முசிறித் துறையைத் தேடிக் கேரளத்துப் பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் அகழ்ந்தபோது உரோமரின் மதுச்சாடித் துண்டுகள் ஏராளமாய்க் கிடைத்தன. 'முசிறி' என்று எழுதிய ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை. ஆகையால் முசிறி அதுவே என்பாரும் அன்று என்பாரும் இன்றும் உளர்.

இவ்வளவும் அறிந்த பின் நம் மலைநாட்டைத் தேடி மீண்டும் தொலமியிடம் சென்றோம். நம் ஊர் இல்லை. ஆனால் 'மலைய' என்றொரு மலை இருக்கின்றது. அதன் அடிவாரம் கடல்வரை யானை மேயும் நிலம் என்றும் குறிப்பிருக்கின்றது. மகாவமிசமும் இந்நாட்டை 'மலய' என்றே கூறும். தமிழருக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. 'கங்கை' என்றோர் ஆறும் இருக்கின்றது; வடகிழக்கே கடலை அடையும் அது மகாவலியே. வேடிக்கை என்னவென்றால், தொலமி அந்தக் கங்கையை நம் மலையிற் பிறக்கவிடாமல், வடக்கே காலிபா என்ற வேறொரு மலையிற் பிறக்கவைக்கின்றார். வடக்கே அவ்வளவு பெரிய மலை ஏது? பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியிற் கலப்பதைப் பார்த்து வளர்ந்த நம் சிறுவன் ஒருவனைக் கேட்டிருந்தால் திருத்திக் கொடுத்திருப்பான்.

எம் நண்பர் தம் கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டு நாள் முகம் வாடியிருந்தார் என்பது உண்மை. பிறகு அவரே ஒரு குறிப்பேட்டோடு வந்தார். நம் சுற்றுப்புறத் தோட்டங்களுக்குப் பலகையிலே ஒரு பெயரும் தொழிலாளர் வாயிலே வேறொரு பெயரும் உண்டல்லவா? மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, இத்தனையாம் நம்பர் மலை, இன்னார் லயம், இன்ன ஓடை, இன்ன கோயிலடி என்று பெரியவர்கள் சொல்லும் பெயர்களெல்லாம் எந்தப் படத்திலும் இல்லை. அவற்றைச் சொன்னவர் வயது, சொன்ன நாள், காட்டிய இடம் மூன்றோடும் எழுதத் தொடங்கியிருக்கின்றார். ஒரு பாட்டியார் சொன்ன இரண்டு பெயர்களுக்கு இடம் காட்ட இப்பொழுது உயிரோடு எவருமில்லை. அவ்விரண்டையும் தனித்தாளில் எழுதி, இடத்துக்கு நேரே வெறுமையாக விட்டிருக்கின்றார்.

உலிஸ்படாவுக்கென்று ஒதுக்கிய பக்கங்களிலே இக்கட்டுரை வருகின்றது. அச்சுக்குப் போகுமுன் இதனைப் பிழைதிருத்தித் தந்தவரும் அந்நண்பரே.